ஊர் மாறிய பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒருமுறை சொன்னதை நம்பி ஸ்வீடன் நாட்டுப்பாடல்களை ஜாஸாக வாசித்த யான் யோஹான்சனின் இசைத்தட்டைக் கேட்டேன். பிடித்தது. ஆனால் ஒரு சந்தேகம். நாட்டுப்பாடல் என்பது ஊர் சனங்கள் கூடிப் பாடியது. அதை ஒரு கலைஞர் எடுத்துத் தன் மனோதர்மத்தைக் காட்டினால், பாட்டு போய் வித்தை மட்டும் மிஞ்சாதா? அசலைக் கெடுப்பதாகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கெடுப்பதும் உண்டு. பாட்டை அரை நிமிடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் விரல் வேகம் காட்டுகிற பதிவுகள் என்னிடமே சில இருக்கின்றன. தூசு தட்டத்தான் வெளியே எடுக்கிறேன்.

நீங்கள் கேட்டது அந்த ரகம் இல்லை. 1964இல் வந்த ‘யாஸ் போ ஸ்வென்ஸ்கா’வில் இருப்பது இரண்டே பேர்: பியானோவில் யோஹான்சன், டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்திவாத்தியத்தில் கியோர்க் ரீடல். டிரம்ஸ் கிடையாது. முதல் பாட்டை, ஊத்தான்மீரா என்ற கிராமத்தின் பேரில் இருப்பதை, இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். மெட்டை ஒவ்வொரு சுரமாக, அவசரமே இல்லாமல் வைக்கிறார். ஒரு வரி முடிந்ததும் கையை எடுத்துவிடுகிறார். அந்த இடைவெளியில் பேஸ் நடந்து போவது கேட்கும். மனோதர்மம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். அதிலும் மெட்டு கண்ணை விட்டு மறைவதில்லை.

அசல் என்றீர்களே, அதுதான் சிக்கல். யோஹான்சன் இந்த மெட்டுகளை எடுத்தது ‘ஸ்வென்ஸ்கா லோத்தார்’ என்ற அச்சுத் தொகுப்பிலிருந்து. 1922 முதல் 1940 வரை 24 பாகங்களாக வந்தது. ஊர் ஊராகப் பிடில்காரர்களிடம் கேட்டு எழுதிய மெட்டுகள். அந்தப் பிடில்காரர்களோ மேஜர், மைனர் என்ற இரண்டு மேற்கத்திய சுரவரிசைகளுக்கும் நடுவே நிற்கிற சுரங்களைச் சாதாரணமாக வாசித்தவர்கள். மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோட்டுக்குள் எழுதும்போதே அதில் கொஞ்சம் உதிர்ந்துவிடும். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டையே இல்லை. ஜாஸுக்கு வேராக இருந்த கறுப்பின அமெரிக்க இசையான ப்ளூஸில், பியானோக்காரர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டை உரசினாற்போல் அழுத்தி, இல்லாத சுரத்தை இருப்பதுபோல் காட்டுவார்கள். யோஹான்சனிடமும் அந்த ப்ளூஸ் வாசனை உண்டு. ஏட்டில் தொலைந்ததை ஜாஸ் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தது என்றுகூட எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

உங்கள் புகாருக்குப் பொருத்தமான உதாரணம் வேறொன்று இருக்கிறது. 1951இல் ஸ்டாக்ஹோம் போன அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ், ஸ்வீடிஷ் கலைஞர்களோடு ‘ஆக் வார்ம்லாந்து தூ ஷோனா’ என்ற பழைய பாட்டைப் பதிவு செய்தார். வார்ம்லாந்து, ஸ்வீடனில் நார்வே எல்லையை ஒட்டிய மேற்கு மாகாணம். அதன் அழகைப் பாடுகிற பாட்டு. அமெரிக்கா போனதும் அது ‘டியர் ஓல்டு ஸ்டாக்ஹோம்’ ஆகிவிட்டது! டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1952இலும் 1956இலும் வாசித்தது அந்தப் பேரில்தான். மைல்ஸ் வாசித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அற்புதம். ஆனால் ஒரு மாகாணத்தின் பாட்டைத் தூக்கி இன்னொரு ஊருக்கு எழுதி வைத்துவிட்டார்கள் பாருங்கள், அது கெடுத்தல். வாசிப்பால் வந்த கேடு அல்ல, ஒட்டிய பேரால் வந்தது.

இன்னொன்று. ஜாஸ்காரர் வெளியாள் என்றே எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் சார்லி ஹேடனை எங்கே வைப்பது? சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு சேர்ந்து ஜாஸின் கட்டுமானத்தையே உலுக்கிய பேஸ் கலைஞர். இரண்டு வயதிலேயே குடும்பத்தோடு ரேடியோவில் நாட்டுப்பாடல் பாடியவர். பதினைந்து வயதில் போலியோ குரலைத் தாக்கியது, பாட்டு நின்றது, பேஸ் வந்தது. அவர் பிறந்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஷெனண்டோவா என்ற ஊரில். 2008இல் ‘ராம்பிளிங் பாய்’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதன் கடைசிப் பாட்டு ‘ஷெனண்டோவா’ என்ற பழைய அமெரிக்க நாட்டுப்பாடல். பாடுவது அவரே. எழுபது வயதுக் குரல், பழக்கம் விட்டுப்போன குரல்.

அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.