தேக்சாவுக்குப் பூசும் ஈயமும் வலையில் கட்டும் ஈயமும் ஒன்றா?

கேள்வி: மகளின் நிக்காஹ் விருந்துக்காகப் பழைய செம்பு தேக்சாக்களுக்கு, அதாவது பிரியாணி அண்டாக்களுக்கு, ஈயம் பூசக் கொடுக்க இருக்கிறோம். கோலாலம்பூரில் இருக்கும் மகன், "ஈயம் விஷம், பூசவே வேண்டாம்" என்கிறான். பூசுகிறவரோ, "வலையில் கட்டுகிற அதே ஈயம்தான், ஒன்றும் ஆகாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கீழக்கரை

பதில்: கட்டாயம் பூசுங்கள். ஆனால் அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள்.

நாம் ஈயம் என்று ஒரே பேரில் சொல்வது இரண்டு உலோகங்களை. பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். உங்கள் ஊர்க் கரையில் வலையின் அடியில் மணி மணியாகக் கோத்திருப்பது காரீயம். மகன் பயப்படுவது காரீயத்துக்கு. அந்தப் பயம் நியாயமானது. அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெள்ளீயத்தில் அந்த ஆபத்து இல்லை.

மகன் இருக்கும் ஊரிலும் இதே கதைதான். மலாயில் திமா என்றால் வெள்ளீயம், திமா ஹித்தாம், அதாவது கறுப்புத் திமா, காரீயம். பழைய ரோமானியர்களும் இரண்டையும் பிளம்பம் என்றே அழைத்து, வெள்ளை, கறுப்பு என்று பிரித்தார்கள். காரீயத்துக்குப் பள்ளிப் பாடத்தில் வரும் பிபி (Pb) என்ற குறியீடு அதிலிருந்து வந்ததுதான். அரபியில் கஸ்தீர், ரஸாஸ் என்று பேரே வேறு வேறு என்பதால் வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. நம் பாடநூலிலும் வெள்ளீயம், காரீயம் என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது. செய்தியிலும் கடை ரசீதிலும் வெறும் 'ஈயம்' என்று போட்டு விடுகிறார்கள். ஒன்றிரண்டு எழுத்து கூடுதலாக அச்சடிக்க என்ன செலவாகிவிடப் போகிறது? செம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு முறையாகப் பூச்சு இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. பூசுகிறவர் கையில் இருப்பது எந்த ஈயம் என்று வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

பூசாமல் விடுவதும் சரியில்லை. பிரியாணியில் தயிர், தக்காளி, எலுமிச்சை எல்லாம் சேர்கிறது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும், விருந்தாளிக்கு வாந்தி வரும்.

இடையில் இருப்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கிழிந்த வலையிலிருந்து கழற்றிய ஈயத்தை உருக்கிச் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்! வீட்டுக்கு வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போகும் தரகருக்குக் கூலி தெரியும், உலோகம் தெரியாது. 'மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம்' என்பவரை விட்டுவிடுங்கள். உலோகத்தை நீங்களே எடை போட்டு வாங்கிக் கொடுங்கள், ரசீதில் 'வெள்ளீயம்' என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் கண்முன் பூசச் சொல்லுங்கள்: பாத்திரம் சூடானதும் நவச்சாரம் என்ற உப்பைத் தூவுவார்கள், வெள்ளைப் புகை எழும், அப்புறம் ஈயத்தை வைத்துத் துணியால் தேய்ப்பார்கள். புகை கிட்டே குழந்தைகள் வேண்டாம்.

வாங்கும்போது மெல்லிய கம்பியாக இருந்தால் காதருகே வைத்து வளையுங்கள். சுத்தமான வெள்ளீயம் கறகறவென்று சத்தம் போடும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், வெள்ளைத்தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. சந்தேகம் என்றால், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் உள்ள பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். பூச்சு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஓட்டை அடைத்த இடத்தையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் தனியாகப் பாருங்கள். ரேடியோ, டிவி பழுது பார்க்கும் சால்டர் கம்பியில் பெரும்பாலும் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம். பழைய தேக்சாவின் உள்ளே அதை வைத்துத்தான் அடைத்திருப்பார்கள், மேலே புதுப் பூச்சு பளபளவென்று மூடிக்கொள்ளும். வீட்டு ஈயச்சொம்புக்கும் இதே கதி. சொம்பு நல்ல வெள்ளீயமாகவே இருந்தாலும் அடைத்த இடம் விஷம். அப்படி அடைத்த பாத்திரத்தில் சமைக்கவே வேண்டாம். பூசக் கொடுக்கும் முன்பே உட்புறம் தடவிப் பார்த்து, மேடாகத் தட்டுப்படும் தேக்சாவைத் தனியே எடுத்து வையுங்கள்.