மானியம் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரை மகபூப்பாளையத்தில் இருக்கிறேன். பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் முடித்தவள், இரண்டு குழந்தைகள். எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற பெண்கள் யாரும் ஜிம் பக்கமே போவதில்லை. ஆண் மாஸ்டர், கண்ணாடிக் கதவு, எல்லார் கையிலும் செல்போன். ஆறு மாதமாக மாடியில் எட்டுப் பேருக்குக் காசு வாங்காமல் பயிற்சி சொல்லித் தருகிறேன். இதையே தொழிலாகச் செய்ய ஆசை. சிறுபான்மையினருக்கு 35 சதவீத மானியத்தோடு 8 லட்சம் கடன் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. பாதி கொடுத்துவிட்டீர்கள் என்றால் மீதியைக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வது பி.எம்.இ.ஜி.பி., அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். விண்ணப்பம் இணையத்தில் இலவசம். இதற்கு அரசு எந்த ஏஜென்ட்டையும் வைக்கவில்லை. 35 சதவீதம் என்பது ஊராட்சிப் பகுதிக்கு. நீங்கள் இருப்பது மாநகராட்சி, உங்களுக்கு 25தான். இந்த ஆட்கள் என்ன செய்வார்கள் என்று வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன். ஊருக்கு வெளியே யாரோ ஒருவர் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பிப்பார்கள். பிறகு அதிகாரி நேரில் பார்க்க வரும்போது அங்கே மாட்டுக் கொட்டகைதான் இருக்கும். மானியம் போகும், கடன் உங்கள் தலையில் நிற்கும், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

சிறுபான்மைச் சான்றிதழுக்கும் தனியாக ஒரு தொகை கேட்டிருப்பாரே? அதற்கும் அலைய வேண்டாம். இந்தத் திட்டத்தின் சிறப்புப் பிரிவில் பெண்கள் எல்லாரும் உண்டு. பெண் என்பதற்கு ஒன்று, சிறுபான்மை என்பதற்கு ஒன்று என இரண்டு மானியம் சேர்ந்து வராது.

மானியம் கையில் வரும் என்றும் நினைக்காதீர்கள். 4 லட்ச ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். மீதி 3,80,000 வங்கிக் கடன். மானியமான 1 லட்சம் உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் கிடக்கும். ஒழுங்காகத் தொழில் நடந்தால் பிறகு கடனில் கழிப்பார்கள். நடுவில் கடையை மூடினால் அது உங்களுக்கு இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். இது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கான திட்டம். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது. நீங்கள் காசு வாங்காமல் சொல்லித் தருகிறீர்கள், போர்டு இல்லை, பதிவு இல்லை. அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் நாளைக்கே ஆளுக்கு 300 ரூபாய் என்று ஜிபே-யில் வாங்க ஆரம்பித்தால் தொழில் தொடங்கிவிட்டது என்றாகிவிடும். அதைவிட மோசம் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு. தெருமுனை நெட் சென்டரில், இலவசமாகச் செய்ய வேண்டிய பதிவுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, தொழில் தொடங்கிய தேதி என்ற இடத்தில் அவர்கள் வாய்க்கு வந்த பழைய தேதியைத் தட்டிவிடுவார்கள். அந்தத் தேதியே உங்கள் மானிய வாசலை அடைத்துவிடும். கடன் அனுமதி வரும்வரை உத்யம் பக்கம் போகாதீர்கள். அதுவரை மாடி வகுப்பு மாடி வகுப்பாகவே இருக்கட்டும்.

உங்கள் கணவர் பெயரில் இதே திட்டத்தில் முன்பே வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது.

8 லட்சம் எதற்கு என்று கேட்டீர்களா? ட்ரெட்மில் விற்கிறவரும் அந்த ஏஜென்ட்டும் கூட்டு. கடன் பணம் வங்கியிலிருந்து நேராக மெஷின் கடைக்குத்தான் போகும். கொட்டேஷனில் விலையை ஏற்றிப் போட்டு இருவரும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பிரசவமாகி நாலு மாதமான பெண்ணுக்கு ட்ரெட்மில் எதற்கு? வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, அது பி.பி.எட். படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிசேரியன் ஆனவர்களை டாக்டர் சீட்டு இல்லாமல் சேர்க்காதீர்கள். பாய், இழுவை ரப்பர், சின்ன டம்பெல், கனமான திரை, வாசலில் செல்போன் வைக்க ஒரு பெட்டி. தூளி கட்ட உத்தரத்தில் நாலு கொக்கி போடுங்கள். பிள்ளையை விட்டுவர ஆள் இல்லாமல் வீட்டிலேயே இருப்பவர்கள் அதற்காகவே வருவார்கள். நேரம் காலை பத்தரைக்கு மேல். ரமலானில் அட்டவணையை மாற்ற வேண்டியிருக்கும்.

வருட வருமானம் 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம்.

மேனேஜர் நகை கேட்பார், பத்திரம் கேட்பார். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, அதுவும் 2010-லிருந்து. அந்த உத்தரவைத் தெரியாத மேனேஜர் கிடையாது, தெரிந்தும் கேட்பார்கள். 'அடமானம் இல்லாமல் முடியாது என்று எழுதிக் கொடுங்கள் சார்' என்று மட்டும் சொல்லுங்கள். எழுத மாட்டார்.

ஆதார், பான், படிப்புச் சான்று, நீங்களே இரண்டு கடையில் வாங்கிய கொட்டேஷன், இடத்தின் வாடகை விவரம் இவற்றோடு மாவட்ட தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். செவ்வாய் காலை போங்கள்.