ஐந்து மணிக்கு வந்த சக்தி

அன்புள்ள ஐயா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக ஒரு சக்தி தியான வகுப்புக்குப் போய்வருகிறேன். குரு புருவ நடுவில் விரல் வைத்துத் தொட்டதிலிருந்து அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு. இப்போதெல்லாம் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே வந்துவிடுகிறது. தூக்கம் நன்றாக இருக்கிறது, கோபம் குறைந்திருக்கிறது. என் மச்சான் பொறியாளர், எல்லாம் பிரமை என்று சிரிக்கிறார். வகுப்பிலோ குவாண்டம் இயற்பியலே இதை நிரூபித்துவிட்டது என்கிறார்கள். அடுத்த நிலைப் பயிற்சியில், தூரத்தில் இருக்கும் நோயாளிக்குச் சக்தி அனுப்பிக் குணப்படுத்தக் கற்றுத்தருவார்களாம். என் அம்மாவுக்குத் தைராய்டு இருப்பதால் சேரலாமா என்று யோசிக்கிறேன். சக்தி தியானத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

முப்பது வருடம் முன்பு நானும் இப்படி ஒரு வகுப்பில் இருந்தேன். கல்யாண மண்டபத்து மாடி, கோரைப்பாய், ஊதுபத்தி. பயிற்சி முடிந்தபின் ஒரு மண்டலம் விடிகாலை ஐந்து மணிக்கு அவரவர் வீட்டில் உட்காரவேண்டும். ஆசிரியர் தன் ஊரில் இருந்தபடியே எல்லோருக்கும் சக்தி அனுப்புவார். எனக்கு வந்தது. சொல்லிவைத்தாற்போல ஐந்து மணிக்கு, உச்சந்தலையில் யாரோ வெதுவெதுப்பான எண்ணெயை வைத்ததுபோல இருக்கும். மெல்ல இறங்கிப் பிடரிக்கு வரும். மூன்றாவது வாரம் அபாரம், ஒரு நாள் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் ஆசிரியர் எழுந்து வருத்தம் தெரிவித்தார். மூன்றாவது வாரம் முழுக்க அவருக்கு டைபாய்டு காய்ச்சல், ஒரு நாள்கூட அனுப்ப முடியவில்லையாம். நல்ல மனிதர், சொல்லாமலே விட்டிருக்கலாம். பக்கத்துப் பாயில் இருந்தவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

அந்த வெதுவெதுப்பு பொய் இல்லை. வந்தது, ஆனால் யாரும் அனுப்பவில்லை. அதனால் பிரமை என்று சிரிக்கும் உங்கள் மச்சானோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. உங்கள் குருவோடும் கிடையாது.

இதைப் படிக்கும்போதே இடது கால் கட்டைவிரலைக் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணை மூடி அரை நிமிடம். லேசான துடிப்போ, சூடோ, ஊறலோ தெரியும். அது இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தது, மூளை அதைச் சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான். புருவ நடுவை ஒரு வருடம் தினமும் கவனித்தால் இரண்டாவது நிமிடத்தில் குறுகுறுக்காமல் என்ன செய்யும்? வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் உதடும் விரல் நுனியும் மரத்துச் சுறுசுறுவென்று ஆகின்றன, தலை லேசாகிறது. அதைச் சக்தி ஏறுகிறது என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் அப்படித்தான் தோன்றும்.

சரி, அனுப்புவது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுப் பெண் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் செய்து பார்த்தாள். அங்கே நர்ஸுகள் மத்தியில் ஒரு சிகிச்சை பரவியிருந்தது. உடலைத் தொடாமல் மேலே கையை ஓட்டி, நோயாளியின் சக்திப் புலத்தை உணர்ந்து சரிசெய்வார்கள். எமிலி மேசையில் ஒரு அட்டைத் தடுப்பை நிறுத்தினாள். சிகிச்சை செய்பவர் இரண்டு கைகளையும் தடுப்பின் ஓட்டைகள் வழியாக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைக்கவேண்டும். எமிலி காசு சுண்டிப் பார்த்து, அவருடைய இடது கைக்கோ வலது கைக்கோ மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்லவேண்டும், அவ்வளவுதான் சோதனை. 21 பேர், 280 முறை. சரியாகச் சொன்னது 123, அதாவது 44 சதவீதம். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே பாதி தேறியிருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் அது வெளியானபோது அவளுக்கு 11 வயது. அந்தச் சிகிச்சையாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, உணர்கிறோம் என்று மனதார நம்பியவர்கள். ஐந்து மணிக்கு உச்சந்தலை சூடான நானும் அப்படித்தான்.

நம் ஊர் யோகிகளையும் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதயத்தை நிறுத்துவோம் என்றவர்களை வெங்கர், பாக்சி என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்களும் டெல்லி எய்ம்ஸின் பி.கே. ஆனந்தும் பரிசோதித்து 1961-ல் எழுதினார்கள். மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி அகப்படுவதில்லை, ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் இல்லை. ஈசிஜி தாளில் மட்டும் இதயம் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. உடம்பை இந்த அளவுக்குக் கையாளத் தெரிந்ததே பெரிய வித்தைதான், ஆனால் அது அவர்கள் சொன்ன வித்தை இல்லை.

உங்கள் தூக்கத்துக்கும் கோபத்துக்கும் வருவோம், அங்கேதான் அறிவியல் உங்கள் பக்கம் நிற்கிறது. 2001-ல் இத்தாலியில் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், அப்புறம் ‘ஓம் மணி பத்மே’ மந்திரம் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்று இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே லயத்தில் ஏறி இறங்கின. மரியாளுக்கும் மணி பத்மத்துக்கும் நரம்பு மண்டலம் பேதம் பார்க்கவில்லை. பிறகு 2014-ல், 47 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,500 பேரின் தகவல்களை, ஒன்றாக அலசிப் பார்த்தார்கள். தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைப்பது தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஓரளவு என்பது சாதாரணம் இல்லை. ஒரு வங்கி ஊழியருக்கு மாதக் கடைசியில் ஓரளவு பதற்றம் குறைந்தால் போதாதா?

ஆக, தியானத்துக்கு அடிப்படை உண்டு. அதில் ஓடுவதாகச் சொல்லும் எனர்ஜிக்கு இல்லை. இந்தக் குழப்பத்தில் பாதி மொழியால் வந்தது. நம் பள்ளிப் பாடத்தில் எனர்ஜிக்கு ஆற்றல் என்று பெயர், ஜூலில் அளப்போம். ஒரு கிலோ அரிசியை ஒரு மீட்டர் தூக்கினால் சுமார் பத்து ஜூல். முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாகச் சொல்லும் மூலாதாரத்திலிருந்து நாற்பது ஜூல் ஏறியது என்று எந்தச் சாதகரும் சொல்லிக் கேட்டதில்லை. சக்தி என்றுதான் சொல்கிறோம். அது அம்மன் கோயில் சொல். மருந்துக்குச் சக்தி, வாக்குக்குச் சக்தி, கஞ்சிக்குக்கூடச் சக்தி உண்டு. இரண்டையும் எனர்ஜி என்று ஆங்கிலத்துக்கு அனுப்பி அங்கிருந்து திரும்ப இறக்குமதி செய்தோம், வரும்போது இயற்பியல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. திருமூலர் மூச்சை 16 மாத்திரை நேரம் இழு, 64 நிறுத்து, 32 விடு என்று கணக்காகச் சொன்னார். அது பயிற்சி செய்பவனுக்கான கணக்கு. அவர் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. (உங்கள் வகுப்புச் சுவரில் சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் சக்கரப் படம் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய தந்திர நூல்களில் சக்கரங்களின் எண்ணிக்கையே நூலுக்கு நூல் மாறும். அந்த வானவில் வரிசை இருபதாம் நூற்றாண்டு மேற்கத்தியச் சரக்கு.)

குவாண்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்தச் சோதனையில் நிரூபித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். உடம்பில் காந்தம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இதயத்தைச் சுற்றியுள்ள காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை அளக்கும் கருவி நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலேயே உண்டு. அங்கே திரவ ஹீலியத்தில் குளிரவைத்த உணரியை, வெளிக்காந்தம் நுழையாத அறைக்குள், மார்புக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் அது அகப்படும். ஈரோட்டிலிருந்து சேலம் போவது இருக்கட்டும், பக்கத்துப் பாய்க்கே அது போய்ச் சேராது.

அம்மா விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். தைராய்டு குறைவு என்றால், அவர் சாப்பிடும் மாத்திரை சுரப்பி சுரக்காத ஹார்மோனையே கொடுக்கிறது. நீங்கள் அனுப்புவதைக் காரணம் காட்டி ஒரு நாளும் அதை நிறுத்தக்கூடாது. டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். வகுப்பில் யாருக்காவது தூக்கம் போய், பயமும் படபடப்பும் கூடினால், குண்டலினி ஏறிவிட்டது என்று கொண்டாடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள். தீவிரப் பயிற்சிகளில் அப்படி நடப்பதுண்டு.

காலையில் உட்காருவதை விடவேண்டாம். நானும் விடவில்லை, ஐந்து மணி இப்போது ஆறு ஆகிவிட்டது. அடுத்த நிலைக்குப் பணம் கட்டும் முன் குருவிடம் ஒன்று கேளுங்கள். இருபது நாள், தினமும் காலையில் அவர் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டட்டும். தலை விழுந்தால் உங்களுக்கு அனுப்பட்டும், பூ விழுந்தால் சும்மா இருக்கட்டும். அவர் ஒரு நோட்டில் குறித்துவைக்கட்டும். வந்ததா இல்லையா என்று நீங்கள் இன்னொரு நோட்டில் குறியுங்கள். நடுவில் போனில் பேசிக்கொள்ளக் கூடாது. இருபத்தோராம் நாள் இரண்டு நோட்டையும் மச்சானை வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். என்ன வந்தாலும் எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன்.