வாசகர் கேள்வி – பதில்: அடைப்புக்குள் ஒரு குளோரின், வெளியே இரண்டு

கேள்வி: ஒரு கோபால்ட், ஐந்து அம்மோனியா, மூன்று குளோரின் கொண்ட அணைவுச் சேர்மத்தின் பெயரில் குளோரின் இரண்டு இடங்களில் வருகிறது. கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற நிலையை, அதாவது அதன்மேல் இருப்பதாகக் கொள்ளும் மின்சுமையைக் கணக்கிட எந்தக் குளோரினை எடுத்துக்கொள்வது? – பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்.

பதில்: மூன்றையும்தான், ஆனால் ஒரே மூச்சில் கூட்டக் கூடாது. இதன் வாய்பாடு [Co(NH₃)₅Cl]Cl₂. சதுர அடைப்புக்கு உள்ளே உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருப்பவை ஈனிகள்; ஒரு குளோரின் அப்படிப்பட்ட ஈனி. வெளியே இருக்கும் இரண்டும் அடைப்பின் மின்சுமையை ஈடுகட்டும் எதிர் அயனிகள். வெளியே இரண்டு குளோரைடுகள் இருப்பதால் அடைப்பின் மின்சுமை +2 என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே அம்மோனியாவுக்குச் சுழி, குளோரைடுக்கு −1. ஆகவே கோபால்ட் +3. பெயர்: பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட், ஒட்டினாற்போல் அடைப்புக்குறிக்குள் ஆக்சிஜனேற்ற நிலையைக் காட்டும் ரோம எண் மூன்று, பிறகு இடைவெளி விட்டுக் குளோரைடு. ஈனிகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கும்போது ‘பென்டா’ போன்ற எண் முன்னொட்டுகளைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அம்மீன் முந்துகிறது. பழைய குறிப்பேடுகளில் ‘குளோரோ’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம், வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபேக்கின் (IUPAC) 2005ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குப் பிறகு அது ‘குளோரிடோ’ ஆயிற்று.

இந்த உள்–வெளிப் பிரிவு தாளில் மட்டும் இருப்பதன்று. குளிர்ந்த கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தால் மூன்று குளோரின்களில் இரண்டு மட்டுமே உடனே வெண்ணிற வீழ்படிவாகும். இத்தகைய சான்றுகளைக் கொண்டே வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர், அணைவுச் சேர்மங்கள் பற்றி 1893இல் முன்வைத்த தம் கொள்கையை நிலைநாட்டி, 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் டர்க்காய்ஸ் புளூ சாயத்தில் செம்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். அது எந்த நிலையில் இருக்கிறது? தண்ணீரில் பிரிந்து வந்துவிடாதா? – சாயப்பட்டறை ஊழியர், திருப்பூர்.

பதில்: பருத்திக்கான அந்த வகைச் சாயங்களுள் பெரும்பாலானவற்றின் உட்கரு காப்பர் தாலோசயனின் என்னும் அணைவு. தாலோசயனின் ஒரு பெரிய வளையம். தன் இரண்டு ஹைட்ரஜன்களைப் புரோட்டான்களாக இழந்து −2 மின்சுமை பெற்று, நான்கு நைட்ரஜன்களால் நடுவிலுள்ள செம்பைச் சதுரமாகப் பற்றிக்கொள்கிறது. எனவே செம்பு +2. உட்கரு மொத்தத்தில் மின்சுமையற்றது. சாயம் நீரில் கரைவதற்காக வளையத்தின் ஓரத்தில் சல்ஃபோனேட் தொகுதிகளைச் சேர்த்திருப்பார்கள். நன்றாகப் படித்தவர்களும் சறுக்குவது இங்கேதான்: அவற்றின் எதிர்மின்சுமையையும் செம்பின் கணக்கில் ஏற்றி +4, +5 என்று எழுதிவிடுகிறார்கள். அவை செம்பைத் தொடுவதே இல்லை. அவற்றை ஈடுகட்டுவது சோடியம்.

வளையத்தின் பிடி மிக உறுதியானது. சல்ஃபோனேட் சேர்க்காத நிறமியை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து நீரில் ஊற்றினாலும், செம்பு பிரியாமல் அதே நீலமாகத்தான் வீழ்படிகிறது. ஆகவே சாதாரண அலசலில் செம்பு தனியே கழன்று வராது. அதற்காக நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. துணியில் ஏறாத சாயம் கழிவுநீருக்குப் போகும்போது செம்பும் அதோடு சேர்ந்தேதான் போகிறது.

கேள்வி: உப்புப் பொட்டலத்தில் 536 என்று போட்டிருப்பது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடாம். அதில் பொட்டாசியம் நான்கு என்கிறான் மகன். பெயரில் நான்கு இல்லையே? – மளிகைக் கடைக்காரர், ஈரோடு.

பதில்: முறைப்பெயர் பொட்டாசியம் ஹெக்சாசயனிடோஃபெர்ரேட், உடன் ரோம எண் இரண்டு. ஆறு சயனைடுகளுக்கு −6, இரும்புக்கு +2, மீதம் −4. அதைச் சமன்செய்ய நான்கு பொட்டாசியம் வேண்டும் என்பது தானே விளங்குவதால் எண்ணைச் சொல்வதில்லை. ரோம எண் மூன்றானால் அது ஃபெர்ரிசயனைடு. அதில் பொட்டாசியமும் மூன்றுதான்.