அண்ணன் பெயரை மறைக்க வேண்டாம்

தம்பி, கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிய அண்ணனைப் பார்க்க, சென்னை வளசரவாக்கத்தில் இருக்கும் உங்கள் அம்மா போட்ட விசிட்டர் விசா மறுக்கப்பட்டது, அடுத்த முறை அண்ணன் பெயரையே விட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். குடும்ப விவரப் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளையும் கேட்பார்கள், அண்ணனின் அகதிக் கோப்போ அதே குடிவரவுத் துறையிடம்தான் இருக்கிறது. பொய் என்று பிடிபட்டால் 5 வருடத் தடை. என் பெரியம்மாவின் படிவத்தில் ஒரு ஏஜென்ட் சொந்த மகனை 'நண்பர்' என்று நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினார், வரிவரியாகப் படித்ததால் தப்பித்தோம்.

முதலில் மறுப்புக்கு என்ன காரணம் என்று பாருங்கள். பெரும்பாலும் 'திரும்பி வருவாரா' என்ற சந்தேகம்தான். அம்மாவின் ஒப்புதலோடு அண்ணன் அங்கிருந்தே 5 டாலர் கட்டி அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம்.

அப்புறம், அண்ணனுக்கு பிஆர் இருப்பதால் சூப்பர் விசாவும் (அங்கிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோருக்குத் தரும் நீண்டகால விசா) போடலாம், ஒரே தடவையில் 5 வருடம் வரை தங்க முடியும். அதற்கு அண்ணனின் வருமானச் சான்று, அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை, குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும்.

இன்னொன்று, விசா கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தில் அண்ணன், தான் அகதியாக விட்டுவந்த இலங்கைக்கே போய், அம்மாவையும் அங்கே வரச்சொல்லிச் சந்திக்க நினைத்தால் தடுத்துவிடுங்கள். அவருக்கு அகதிப் பாதுகாப்போடு பிஆரும் பறிபோகலாம்.

முந்தைய விண்ணப்பத்துக்கு அம்மா கைரேகை கொடுத்திருந்தால் அது 10 வருடம் செல்லும், அதற்கான 85 டாலரை மறுபடி கட்ட வேண்டாம்.