செயற்கை இடுப்பு மூட்டும் எக்ஸ்ரேயும்: கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. செயற்கை மூட்டில் இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணம் ஒன்றும், தொடையெலும்பில் செருகும் தண்டின் முனையில் அந்தக் கிண்ணத்துக்குள் சுழலும் பந்து ஒன்றும் இருக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, அம்மாவைப் படுக்க வைத்து எடுத்த படத்தில் கிண்ணம் ஒரு மாதிரி, நிற்க வைத்து எடுத்ததில் வேறு மாதிரி தெரிகிறது. கழன்றுவிட்டதா?

பதறாதீங்க. கிண்ணம் இடுப்பெலும்பில் பதிந்திருப்பதால் எலும்பு சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். வயதாகி முதுகு கூனியவர்களுக்கு, நிற்கும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்வது சகஜம். அது ஒரு டிகிரி பின்னால் போனால் கிண்ணத்தின் வாய் முன்பக்கமாக ஏறக்குறைய 0.7 டிகிரி கூடுதலாகத் திறக்கும்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை விட்டுவிட்டு, இடுப்பெலும்பின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய ஓட்டைகளைப் பாருங்கள். பின்னால் சாயச் சாய அவை உயரமாகத் தெரியும். முன்னால் சாய்ந்தால் சப்பையாகிவிடும். அவற்றின் வடிவம் மாறியிருந்தால், சாய்வு மாறியிருக்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே கழன்றிருக்கிறதா என்பதை, ஒரே நிலையில் எடுத்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலி இருந்தால் தள்ளிப்போடாதீங்க.

முக்கூடலிலிருந்து: மடியில் சுளகு வைத்து பீடி சுற்றுகிறவள் நான். பழையபடி தரையில் உட்காரலாமா?

தாயி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். எழுந்து நிற்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் 20 டிகிரி வாக்கில் உருளும். கிண்ணத்தின் வாய் முன்னால் திறந்து, மடங்கி வரும் தொடைக்கு இடம் கொடுக்கும். முதுகு விறைத்துப்போனவர்களுக்கு இந்த உருட்டல் நடக்காது. தரையில் முழங்கால் உயர்ந்திருக்க, இலை நறுக்கக் குனிகிறீர்கள் என்று வையுங்கள். தொடையில் செருகிய தண்டின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் முட்டும். பந்து பின்பக்கமாக நழுவிவிடலாம். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கி உட்கார்ந்தால் இது சரியாகாது. இப்போதைக்கு உயரமான நாற்காலியில், முழங்கால் இடுப்புக்குக் கீழே இருக்கும்படி உட்கார்ந்து, சுளகை மேசைமேல் வைத்துச் சுற்றுங்கள். கூலி குறையுமே என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் ஒருதடவை நழுவினால் இன்னும் அதிக நாள் படுக்க வேண்டிவரும்.

களக்காட்டிலிருந்து: கீழ்முதுகில் கம்பியும் ஸ்குரூவும் இருக்கிறது. மூட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். முதுகெலும்பைச் சேர்த்து இறுக்கியவர்களுக்கு மூட்டு நழுவும் ஆபத்து கூடுதல். பக்கவாட்டு எக்ஸ்ரே, நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று எடுக்க முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே திரிகத்தின் (முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருக்கும் முக்கோண எலும்பு) சாய்வு 10 டிகிரிகூட மாறவில்லை என்றால் விறைப்பு என்று கணக்கு. அதைப் பார்த்து டாக்டர் கிண்ணத்தின் கோணத்தை மாற்றி வைப்பார்.

வள்ளியூரிலிருந்து: ரிப்போர்ட்டில் கிண்ணத்தின் சரிவு 40 டிகிரி, முன்திறப்பு 15 டிகிரி என்று இருக்கிறது. இனிமேல் நழுவாதல்லவா?

நல்ல கோணம்தான். 1978-இல் லூயினெக் என்ற மருத்துவரின் குழுவினர் சொன்ன பாதுகாப்பான எல்லைக்குள் அது வருகிறது: சரிவு (கிண்ணம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) 30 முதல் 50 டிகிரி, முன்திறப்பு (அதன் வாய் முன்பக்கம் திரும்பியிருக்கும் கோணம்) 5 முதல் 25 டிகிரி. ஆனால் அதற்குள் இருந்தும் நழுவியவர்கள் நிறையப் பேர். படுத்திருக்கும்போது அளந்த கோணம் உட்காரும்போது அப்படியே இருக்காது.

எக்ஸ்ரே படிக்கும் தம்பி ஒருவர்: படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க?

வால் எலும்பின் நுனி, முன்னால் இடுப்பெலும்புகள் சேரும் இடத்துக்கு நேராக வர வேண்டும். விலகினால் இடுப்பு திரும்பியிருக்கிறது. பாதத்தை 15 டிகிரி உள்பக்கம் திருப்புவது வழக்கம். புது மூட்டுக்காரரை வலுக்கட்டாயமாகத் திருப்பிவிடாதே. அப்புறம், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாலே சாய்வு மாறும். எடுத்துவிடு, அல்லது வைத்தே எடுத்தேன் என்று எழுது. படுத்து, நின்று, உட்கார்ந்து, எந்த நிலையில் எடுத்தாய் என்பதைப் படத்திலேயே குறித்துவிடு.