முழு வாய் இம்பிளான்ட்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு 63 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் பார்த்த மூன்று மாதச் சராசரி 9.1. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. மேலே ஐந்து பல், கீழே எட்டுப் பல் மிச்சம், பாதி ஆடுகிறது. ஒரு கிளினிக்கில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மூன்றே நாளில் நிரந்தரப் பல் கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பத் தயார். செய்துகொள்ளலாமா?

பதில்: செய்துகொள்ளலாம் ஐயா. ஆனால் இந்த வாரம் வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் வேட்டி எடுக்கலாம். இம்பிளான்ட் என்று தாடை எலும்பில் திருகு போட்டுக்கொள்ள அப்படி ஒரு கெடு எதற்கு? வலியோ சீழோ உள்ள பல் இருந்தால் அதற்கு உடனே வைத்தியம் பாருங்கள். மற்றவை இன்னும் மூன்று நான்கு மாதம் ஆடிக்கொண்டிருந்தால் குடி முழுகிப் போகாது.

முதலில் அந்த மூன்று நாள் கணக்கைப் பார்ப்போம். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்று கண்டறிந்து, 1965-இல் ஒரு நோயாளிக்குத் திருகு வைத்துப் பல் கட்டியவர் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனிமார்க். அதற்குப் பிறகு திருகின் வடிவமும் மேற்பரப்பும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் எலும்பு ஒட்ட மாதக்கணக்கு ஆகத்தான் செய்கிறது. கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம். எலும்பு மிருதுவாக இருக்கும் மேல்தாடையில் நான்கிலிருந்து ஆறு மாதம்.

அதற்காக மூன்றாம் நாள் பல் என்பது பொய்யில்லை. திருகைப் போடும்போதே எலும்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டால், எல்லாத் திருகையும் ஒரே பாலமாக இணைத்து உடனே பல் வைத்துவிடலாம். போடும் கருவியிலேயே அந்த இறுக்கம் தெரியும். 35 நியூட்டன் சென்டிமீட்டராவது காட்டட்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அப்படி வைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தற்காலிகப் பல். முறுக்கு, சீடை, பொங்கல் கரும்பு, நல்லி எலும்பு எதையும் அதில் கடிக்கக் கூடாது. சில மாதம் குழைந்த சாதம், இட்லி, முள் எடுத்த மீன் என்று ஓட்ட வேண்டும். புண் ஆறி ஈறு அமைந்த பிறகு மறுபடி அளவெடுத்து வைப்பதுதான் நிரந்தரப் பல். சொன்ன விலையில் அந்த இரண்டாவது பல்லும் சேர்த்தியா, அது அக்ரிலிக்கா, பீங்கான் வகையான ஜிர்கோனியாவா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே துண்டாக வரும் திருகை அடியெலும்பில் பிடிக்க வைத்து, சில நாளிலேயே நிரந்தரப் பல் கட்டுபவர்களும் உண்டு. அந்த வகை என்றால், நாளைக்கு ஒன்று பழுதானால் எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வர வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது அந்த 9.1-உம் புகையிலையும்தான். சர்க்கரை இந்த அளவில் இருந்தால் புண் மெதுவாக ஆறும், சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும், எலும்பும் திருகை ஒழுங்காகப் பிடிக்காமல் போகலாம். 7-க்குப் பக்கத்தில் வந்தால் நிம்மதியாகச் செய்யலாம். 8-க்கு மேல் இருந்தால் நான் தள்ளித்தான் போடுவேன். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும். ஈற்றைச் சுத்தம் செய்து வைத்தியம் பார்த்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும். ஆகவே காத்திருக்கும் மாதங்கள் வீண் இல்லை.

வெற்றிலை மேல் எனக்குக் கோபம் கிடையாது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையைப் பார்த்துக் கோபப்பட முடியுமா? வம்பு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. புகையிலை ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பாக்கோ, புகையிலை சேர்க்காமல் அதை மட்டும் போட்டாலும் கூட, கன்னத்தின் உள்தோலை நார்போல இறுக்கிவிடும். புற்றுநோய் அபாயமும் அதற்கு உண்டு. இப்போதே கண்ணாடி முன் நின்று வாயை முழுதாகத் திறந்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றால் கடைவாய் வரை கருவியைக் கொண்டுபோவதே சிரமம். இம்பிளான்ட்டுக்கு முன்னால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அப்படியே உதட்டை மடக்கி, கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஏதாவது தெரிந்தால் பல் பேச்சே அப்புறம்தான். முதலில் அந்த இடத்தில் சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 'பல் பிடுங்க ரெண்டு நாள் நிறுத்துங்க' என்று யார் சொன்னாலும், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். சாதாரணமாகப் பல் எடுக்கும்போது வரும் ரத்தத்தை அந்த இடத்திலேயே கட்டுப்படுத்திவிடலாம். இதயக் குழாயில் அடைப்பு வந்தால் அது வேறு கதை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: எலும்பு வலு குறைந்ததற்காக வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ஊசியோ எடுப்பவர்கள், கேட்காவிட்டாலும் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம். தாடைப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே.

எல்லாப் பல்லையும் பிடுங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை யாரும் உங்களிடம் எழுப்பியதாகத் தெரியவில்லை. பாதிதான் ஆடுகிறது என்கிறீர்கள். மிச்சமிருக்கும் ஓரிரண்டு பல் பாலத்துக்கு இடைஞ்சல் என்றால் எடுப்பதில் நியாயம் உண்டு. அதை ஒவ்வொரு பல்லாகச் சொல்லி விளக்கச் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரே மட்டும் பார்த்து முடிவெடுப்பவரிடம், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி ஸ்கேன் எங்கே என்று கேளுங்கள். மேலே கடைவாய் எலும்புக்கு மேல் சைனஸ் அறை, கீழே எலும்புக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு. எவ்வளவு எலும்பு மிச்சமிருக்கிறது என்பது அந்த ஸ்கேனில்தான் தெரியும். பின்பக்கத்து இரண்டு திருகைச் சாய்வாகப் போட்டு நாலே திருகில் ஒரு தாடையை முடிக்கும் முறை வந்ததே இந்த இரண்டையும் தொடாமல் போகத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் லாபம் குறைவு என்பதாலோ என்னவோ, பலர் சொல்வதில்லை. கீழ்ப் பல் எல்லாவற்றையும் எடுக்க நேர்ந்தால், முன்பக்கம் இரண்டே இரண்டு திருகு போட்டு, அதன் மேல் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் கழட்டி மாட்டும் பல் செட் வைக்கலாம். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். செலவு பல மடங்கு குறையும். ராத்திரி கழட்டிக் கழுவி வைக்கலாம். பூட்டில் இருக்கும் நைலான் வளையத்தை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். மேலே சாதாரண செட்டே பலருக்கு நன்றாகப் பிடிக்கும். உங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஏனென்றால் இம்பிளான்ட்டில் சொத்தை விழாதே தவிர, ஈறு நோய் வரும். உங்கள் பல்லை ஆட வைத்ததும் பெரும்பாலும் அதே நோயாகத்தான் இருக்கும். பெரும்பாலும் வலிக்காமலே திருகைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துவிடும். நிலையான பாலத்துக்கும் ஈற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து இருக்கும். சாதப் பருக்கை, கீரை நார், பாக்குத் தூள் எல்லாம் போய் உட்காருவது அங்கேதான். குச்சி போன்ற சின்ன பிரஷ்ஷை ஒவ்வொரு திருகின் இரண்டு பக்கமும் விட்டு எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் பீய்ச்சும் கருவியால் உள்பக்கம் நாக்கு ஓரமாக அலச வேண்டும். தினமும் ராத்திரி பத்து நிமிடம் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்கில் காட்ட வேண்டும். வயலிலிருந்து திரும்பி, களைத்துப்போன உடம்போடு இதைச் செய்வீர்களா என்று நீங்களே சொல்லுங்கள். செய்வேன் என்றால் நிலையான பல்லையும் யோசிக்கலாம்.

எதைச் செய்தாலும், திருகின் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனித் திருகுக்கு இன்னொன்றின் உதிரிபாகம் பொதுவாகப் பொருந்தாது. மகனிடம் சிங்கப்பூர் போயிருக்கும்போது பல் கழன்றாலும், அந்த அட்டை இருந்தால் அங்கே இருக்கும் டாக்டருக்கு வேலை எளிது.

இரண்டாவது கருத்துக்குச் சிதம்பரம் அண்ணாமலைநகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. செயற்கைப்பல் பிரிவில் காட்டுங்கள். போகும்போது எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மகன் அனுப்பும் பணம் அதுவரை பேங்கிலேயே இருக்கட்டும்.